விதி பதினொன்றின்படி இடிந்த வீடு

எங்கள் வில்லோ பெண்ட் குடியிருப்பில் வீட்டுக் கூரைக்கு மூன்று நிறங்கள்தான். மழைமேகச் சாம்பல், காய்ந்த ஓக், சுட்ட களிமண். மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று பட்டப்பகலில் நின்று பார்த்தாலும் தெரியாது. ஆனால் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் கட்டட அழகுக் குழுவில் இருக்கும் நான்கு பேருக்குத் தெரியும். அவர்களிடம் நிற அட்டை இருக்கிறது.

செப்டம்பரில் அடித்த காற்றில், சங்கத்துக்குச் சொந்தமான பொது இடத்தில் நின்ற ஓக் மரம் வேரோடு சாய்ந்து டுவைட் கெஸ்லர் வீட்டுக் கூரையைப் பிளந்துகொண்டு உள்ளே போனது. டுவைட் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர். விடிவதற்கு முன்னாலேயே வேலைக்குக் கிளம்பிவிட்டார். அவர் மனைவி மார்லா அப்போதுதான் மாடியிலிருந்து இறங்கி வந்து காபி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் படுத்திருந்த இடத்தில் ஒரு கிளை படுத்துக்கொண்டது. அந்த நேரத்தில் என்ன செய்தாய் என்று பிறகு நான் கேட்டதற்கு, சர்க்கரை போட்டோமா இல்லையா என்று மறந்துபோய் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டேன் என்றாள்.

மார்லாவுக்கு நுரையீரல் சரியில்லை. ஆறு வருஷமாக மூக்கில் குழாயும் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷினுமாக இருக்கிறாள். மெஷின் இழுத்து விடும் சத்தம் அந்த வீட்டில் இன்னொரு ஆள் குடியிருப்பது போலக் கேட்டுக்கொண்டே இருக்கும். கூரை பிளந்த வாரமே டாக்டர் சொல்லிவிட்டார்: ஈரச் சுவரில் பூஞ்சை பிடித்தால் இவளுக்கு ஆகாது, குளிர் இறங்குவதற்குள் வீடு காய வேண்டும், இல்லாவிட்டால் நாற்பது மைல் தள்ளி இருக்கும் பராமரிப்பு இல்லத்தில்தான் சேர்க்க வேண்டும் என்று. அந்த இல்லத்தைப் பற்றி மார்லா எங்களிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "அங்கேருந்து திரும்பி வந்தவங்க யாரையாவது எனக்குக் காட்டுங்க, நான் போறேன்."

மரம் விழுந்த மறுநாளே சங்கம் ஆள் அனுப்பியது. நான்கு பேர் ரம்பத்தோடு வந்து மரத்தை அறுத்தார்கள். டுவைட் வீட்டு எல்லைக்கோடு வரைக்கும் அறுத்துவிட்டு, கோட்டின் மேல் ஒரு சிவப்புக் கொடியை நட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த மரம் டுவைட்டின் மரமாகிவிட்டது. அதை அவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அறுத்து இறக்கினார். புகைபோக்கியில் சிக்கிய ஒரு கிளை மட்டும் வரவில்லை. ஓட்டையின் மேல் கடையில் வாங்கிய நீலத் தார்ப்பாயைக் கட்டினார். கூரை வேலை செய்கிறவர்களுக்கு அந்தக் காற்றுக்குப் பிறகு ஊர் முழுக்க வேலை. லோனி என்பவர் அக்டோபர் இருபத்திரண்டாம் தேதிதான் வர முடியும் என்றார். அதற்குள் சங்கத்திலிருந்து நோட்டீஸ் வந்தது.

நோட்டீஸில் இரண்டு குற்றங்கள். ஒன்று, அனுமதிக்கப்பட்ட மூன்று நிறங்களில் இல்லாத கூரை. இரண்டு, அனுமதியின்றி வீட்டின் மேல் மரம் வைத்திருத்தல். பதினான்கு நாளில் சரிசெய்ய வேண்டும்.

டுவைட் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு மாதக் கூட்டத்துக்கு வந்தார். அந்தக் கூட்டங்களுக்குக் குறிப்பெழுதுகிறவள் நான்தான். ஆகவே யார் என்ன சொன்னார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அன்றைக்குக் கூட்டத்தின் முக்கிய விஷயம், அக்டோபர் கடைசி நாளில் வரும் ஹாலோவீன் என்கிற பேய்த் திருவிழா. பரங்கிக்காய் விளக்குகளை எந்தத் தேதியிலிருந்து வாசலில் வைக்கலாம், எலும்புக்கூட்டின் உயரம் பன்னிரண்டு அடியைத் தாண்டலாமா, மிட்டாய் கொடுக்கும் நேரம் ஆறிலிருந்து எட்டா, ஐந்தரையிலிருந்து ஏழரையா என்று ஒன்றேகால் மணி நேரம் போயிற்று. எலும்புக்கூட்டுக்கு மட்டும் இரண்டு திருத்தங்கள் வந்தன. டுவைட் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அவர் முறை வந்ததும் எழுந்து, மரம் சங்கத்து மரம், கூரை இருபத்திரண்டாம் தேதி சரியாகிவிடும், மழையை நிறுத்தத்தான் தார்ப்பாய் என்று சொன்னார். உட்கார்ந்துவிட்டார்.

தலைவி லின்னெட் ஹார்க்ரோவ் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் கருணையோடு பேசப் போகிறார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"டுவைட், உங்க வீட்டப் பாத்து நான் அழுதேன். அழுதுட்டுத்தான் நோட்டீஸ்ல கையெழுத்துப் போட்டேன். ஏன்னா, அழுததுக்காகக் கையெழுத்துப் போடாம இருந்தா, நாளைக்கு நான் அழாத வீட்டுக்காரங்க வந்து எங்களுக்கு மட்டும் ஏன் நோட்டீஸ்னு கேப்பாங்க. எல்லாருக்கும் ஒரே மாதிரி அழ என்னால முடியாது. ஆனா எல்லாருக்கும் ஒரே மாதிரி நோட்டீஸ் அனுப்ப முடியும். அதுக்குப் பேருதான் சமத்துவம்."

சிலர் கைதட்டினார்கள். நான் குறித்துக்கொண்டேன்.

அப்போதுதான் ஹாலோவீன் குழுத் தலைவர் கோர்டன் ப்ரூயிட் எழுந்தார். டுவைட் வீட்டுக்கு வடக்கே அடுத்த வீடு இவருடையது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு விதிப்புத்தகம்தான் அவருக்கு எல்லாம். தொண்ணூற்று நான்கு பக்கத்தில் எந்த வரி எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் சொல்லுவார். விதி பதினொன்றை எடுத்துப் படித்தார். அக்டோபர் முதல் தேதியிலிருந்து நவம்பர் இரண்டு வரைக்கும், விழாக்கால அலங்காரங்களுக்கு நிறம், பொருள், வடிவம் குறித்த கட்டுப்பாடு கிடையாது. இடிந்த தோற்றம், பாழடைந்த தோற்றம், சுடுகாட்டுத் தோற்றம் மூன்றும் வெளிப்படையாக அனுமதிக்கப்பட்டிருக்கின்றன. விண்ணப்பம் ஒன்று போட்டால் போதும்.

டுவைட்டுக்குப் புரியவில்லை. "நெஜமாவே இடிஞ்சிருக்கே," என்றார்.

"அதத்தான் சொல்லக் கூடாதுங்கறேன்," என்றார் கோர்டன். "நெஜமா இடிஞ்சிருந்தா அது விதிமீறல். இடிஞ்ச மாதிரி இருந்தா அது அலங்காரம். கையெழுத்துப் போடுங்க, எல்லாம் முடிஞ்சுது."

விண்ணப்பத்தில் கடைசி வரி இப்படி இருந்தது: மேற்கண்ட வீட்டில் காணப்படும் சேதம் உண்மையானதல்ல என்று விண்ணப்பதாரர் உறுதியளிக்கிறார். டுவைட் அதை இரண்டு தடவை படித்தார். வீட்டில் மார்லா காத்துக்கொண்டிருப்பாள், இருபத்திரண்டாம் தேதி வரைக்கும் தார்ப்பாய் இருந்தால் போதும், அவருக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. ஒரு மனிதனுக்கு உதவி செய்துவிட்ட சந்தோஷத்தில் எல்லோரும் ஆப்பிள் சைடர் குடித்துவிட்டுக் கலைந்தோம்.

அக்டோபர் ஐந்தாம் தேதி கோர்டன் தன் கோல்ஃப் வண்டியில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு அலங்காரத்தைச் சோதனை செய்ய வந்தார். குறிப்பெழுத நானும் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மதிப்பெண் தாளில் பத்து அம்சங்கள். கூரையில் ஓட்டை இயல்பாக வந்திருக்கிறது, ஒன்பது. கிளை நன்றாக இருக்கிறது, பத்து. தார்ப்பாய் நீலமாக இருப்பது பயத்தைக் குறைக்கிறது, இரண்டு. கறுப்புத் தார்ப்பாய் போட வேண்டும் என்று ஆலோசனை. டுவைட், நீலம்தான் கனமானது, தண்ணீர் இறங்காது என்றார். தண்ணீர் இறங்குவது மதிப்பெண் தாளில் இல்லை என்று கோர்டன் மரியாதையாகச் சொன்னார்.

மாடி அறையில் சீலிங்கில் தண்ணீர் ஊறி ஒரு கறை விரிந்திருந்தது. பழுப்பில் ஆரம்பித்து ஓரத்தில் கறுத்துப் பொடிப்பொடியாகப் பூத்திருந்தது. குழுவில் ஒருவர் அதை அண்ணாந்து பார்த்து, இதை வரைந்தது யார் என்று கேட்டார். யாரும் வரையவில்லை என்றதும் தன்னடக்கத்தைப் பாராட்டினார்.

கீழே முன்னறையில் மார்லா சோபாவில் சாய்ந்திருந்தாள். மரம் விழுந்ததிலிருந்து அங்கேதான் படுக்கை. ஜன்னல் திறந்திருந்தது. மெஷின் இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற கோர்டன் ஒரு விரலைத் தூக்கி எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். கண்ணை மூடிக் கேட்டார்.

"இந்த மூச்சு சத்தம் பிரமாதம். நம்ம குடியிருப்புல இதுவரைக்கும் யாரும் இப்படிப் பண்ணினதில்ல. ராத்திரி கொஞ்சம் சத்தத்தக் கூட்டி வைக்க முடியுமா?"

"டாக்டர்கிட்டத்தான் கேக்கணும்," என்றாள் மார்லா உள்ளேயிருந்து.

கோர்டன் என்னைப் பார்த்து, டாக்டர் அனுமதி நிலுவையில் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். எழுதினேன்.

அந்த வாரக் கடைசியில் கெஸ்லர் வீடு இந்த வருஷத்துப் பய நடைக்கு மைய வீடாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. பய நடை என்பது, முப்பத்தொன்றாம் தேதி மாலை குடியிருப்பில் இருக்கிற இருநூற்றுச் சொச்சம் குடும்பங்களும் வேஷம் கட்டிக்கொண்டு குறிக்கப்பட்ட வழியாக நடந்து வந்து ஒரு வீட்டின் முன்னால் முடிப்பது. பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்தும் வருவார்கள். குழுவே செலவு செய்து டுவைட் வீட்டில் சிலந்தி வலை தொங்கவிட்டது, புல்வெளியில் பதினொரு கல்லறைக் கற்களை நட்டது, புகைபோக்கிக் கிளையில் ஒரு எலும்புக்கூட்டை உட்கார வைத்தது. இலவசமாக நீலத் தார்ப்பாயை எடுத்துவிட்டுக் கறுப்பைப் போட்டது. கறுப்பு மெல்லிசு. பதினைந்தாம் தேதி பெய்த மழையில் மாடியில் ஏழு வாளிகள் வைத்தும் போதவில்லை. தண்ணீர் படிக்கட்டு வழியாக இறங்கி மார்லாவின் சோபா வரைக்கும் வந்தது. அன்றிலிருந்து அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

டுவைட் நாட்காட்டியில் தேதிகளை அடித்துக்கொண்டே வந்தார். இருபத்திரண்டாம் தேதி லோனி சொன்னபடி காலை ஏழு மணிக்கு லாரியோடு வந்து நின்றார். ஐந்து ஆட்கள், பலகை, கூரைத் தகடு, எல்லாம் தயார். ஏணியைச் சாய்த்த ஐந்தாவது நிமிஷம் கோல்ஃப் வண்டி வந்தது.

கோர்டன் சத்தம் போடவில்லை. அவர் எப்போதும் சத்தம் போடுவதில்லை. அங்கீகரிக்கப்பட்ட அலங்காரத்தின் எந்தப் பகுதியையும் மாற்றவோ அகற்றவோ வேண்டுமானால் தனி விண்ணப்பம் வேண்டும், பரிசீலிக்க முப்பது நாள் ஆகும் என்று விளக்கினார். லோனி ஏணியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். சங்கத்து அனுமதிக் காகிதம் இல்லாமல் அவர் ஆணி அடிக்க மாட்டார். வேறொரு குடியிருப்பில் இப்படித்தான் அனுமதி இல்லாமல் கூரை போட்டு, அந்தச் சங்கம் அதைப் பிரித்துப் போடச் சொல்லி, ஒரு வார வேலை வீணாகியிருந்தது.

டுவைட் அன்றைக்கு முதல் தடவையாகப் பேருந்தை வேறு ஓட்டுநரிடம் விட்டுவிட்டு லின்னெட் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன், ஒரு சாட்சி இருக்கட்டும் என்று. லின்னெட் எங்களை உட்கார வைத்து, பரங்கிக்காய் ரொட்டி வெட்டிக் கொடுத்தார்.

"அம்மா, என் பொண்டாட்டிக்கு மூச்சு விட முடியல," என்றார் டுவைட்.

"தெரியும். கோர்டன் சொன்னாரு. ரொம்பத் தத்ரூபமா இருக்காம்."

"நடிப்பு இல்லம்மா அது. மழ உள்ள வருது. பூஞ்சக்காளான் பூத்துருச்சு. நாளைக்கு ஒரு நாள் வேல செஞ்சா முடிஞ்சிரும்."

"டுவைட், ஒண்ணு கேக்கறேன். சேதம் நெஜமில்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது யாரு?"

"நான்தான். கோர்டன் போடச் சொன்னாரு."

"கோர்டன் சொன்னாருன்னு கையெழுத்துல இல்லியே. நெஜமில்லாத சேதத்த ரிப்பேர் பண்ண நான் எப்படி அனுமதி குடுக்கறது? குடுத்தா நீங்க பொய் எழுதினீங்கன்னு ஆயிடும். உங்களப் பொய்யர்னு சொல்ல எனக்கு மனசு வரல. உங்க நல்ல பேரக் காப்பாத்தத்தான் நான் இவ்வளவும் பண்றேன்."

டுவைட் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து வந்துவிட்டார். தெருமுனை வரைக்கும் அதைச் சாப்பிடவும் இல்லை, போடவும் இல்லை. அடுத்த தடவை லோனி வர முடிகிற தேதி டிசம்பர் ஒன்பது. குளிர் நவம்பர் முதல் வாரத்திலேயே இறங்கும் என்று வானொலியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பராமரிப்பு இல்லத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, கட்டில் ஒன்று காலியாக இருக்கிறது, மூன்றாம் தேதி வரை பிடித்து வைக்கிறோம் என்றாள். எப்படிக் காலியாயிற்று என்று மார்லா கேட்கவில்லை.

கேட்காமல் விதிப்புத்தகத்தை வாங்கிப் படிக்க ஆரம்பித்தாள். சோபாவில் படுத்துக்கொண்டு, ஒரு பக்கம் படித்து ஒரு தடவை இருமி, தொண்ணூற்று நான்கு பக்கத்தையும் மூன்று நாளில் முடித்தாள். இந்தக் குடியிருப்பில் அதை முதலிலிருந்து கடைசி வரைக்கும் படித்தவர்கள் இரண்டே பேர். இன்னொருவர் கோர்டன். நான் சூப் கொண்டுபோய்க் கொடுத்த அன்றைக்கு விதி பதினொன்றின் அடியில் ஒரு உட்பிரிவைக் காட்டினாள். விழா நேரத்தில், வேஷம் அணிந்த நடிகர்கள், காட்சியின் தேவைக்காக, அலங்காரத்தின் எந்தப் பகுதியையும் நகர்த்தலாம், சேர்க்கலாம், மாற்றலாம். முன் அனுமதி தேவையில்லை.

"லோனிக்கு எலும்புக்கூடு சட்ட எந்த சைஸ்ல வாங்கலாம்னு சொல்லு," என்றாள்.

லோனி முதலில் ஒத்துக்கொள்ளவில்லையாம். மாலையில் நேரம் உண்டு, ஆனால் தான் கூரை போடுகிறவன், கூத்தாடி இல்லை என்றாராம். டுவைட்டுக்குக் கெஞ்சத் தெரியாது. மார்லாதான் போனை வாங்கிப் பேசினாள். பேச்சுக்கு நடுவில் ஒரு இருமல் வந்து மூன்று நிமிஷம் நிற்கவில்லை. அது நின்றபோது லோனி மறுமுனையில் சட்டை அளவைச் சொல்லிக்கொண்டிருந்தார். நடிகர் பட்டியலை டுவைட் முறைப்படி குழுவிடம் கொடுத்தார்: ஆறு செத்த தச்சர்கள். கோர்டனுக்கு அளவில்லாத சந்தோஷம். ஒரு வீட்டுக்காரர் இவ்வளவு அக்கறையோடு பங்கெடுப்பதை இப்போதுதான் பார்க்கிறேன் என்று என்னிடம் சொன்னார்.

முப்பத்தொன்றாம் தேதி மாலை ஆறு மணிக்கு கோர்டன் மணியடித்தார். எட்டு மணிக்கு மறுபடி மணியடித்தால் விழா நேரம் முடிந்தது. புல்வெளியில் புகை மெஷின் ஓட ஆரம்பித்தது. தெரு முழுக்க சூனியக்காரிகளும் கடற்கொள்ளைக்காரர்களும், தள்ளுவண்டியில் பரங்கிக்காய் வேஷத்தில் கைக்குழந்தைகளும். முகத்தில் சுண்ணாம்பு பூசிய லோனியும் ஐந்து எலும்புக்கூடுகளும் ஏணியில் ஏறினார்கள். கறுப்புத் தார்ப்பாயைக் கிழித்து வீசியபோது கூட்டம் கைதட்டியது. உளுத்த பலகைகளைப் பெயர்த்துப் புல்வெளியில் போட்டபோது சின்னப் பிள்ளைகள் கிரீச்சிட்டார்கள். அதற்குப் பிறகு ஆணியடிக்கும் சத்தம்தான்.

ஆறு ஆட்களுக்கு இரண்டு மணி நேரம். ஓட்டை பெரியது. லோனி பகலிலேயே தன் பட்டறையில் பலகைகளை அளவாக அறுத்துக்கொண்டு வந்திருந்தார். ஆறே முக்காலுக்குச் சட்டம் பொருத்தினார்கள். ஏழேகாலுக்குப் பலகை மூடியது. டுவைட் கீழே நின்று தகடுக் கட்டுகளை ஏணியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒரு முகமூடி, கண்ணுக்கு மட்டும் ஓட்டை. அதற்குப் பின்னால் அவர் என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்று தெரியாது.

ஏழரை மணிக்கு லின்னெட் வந்தார். விக்டோரியா காலத்து விதவை வேஷம். அண்ணாந்து பார்த்தார். ஓட்டை சிறிதாகிக்கொண்டிருப்பதை முதலில் கவனித்தவர் அவர்தான். கோர்டனைக் கூப்பிட்டு, இது ரிப்பேர் அல்லவா என்று கேட்டார். கோர்டனுக்கு முகம் வெளுத்தது. ஆனால் உட்பிரிவு அவருக்கும் மனப்பாடம். நடிகர்கள் சேர்க்கலாம், மாற்றலாம் என்றார். அப்படியானால் காட்சி பயமாக இருக்க வேண்டும், ஓட்டையை அடைப்பதில் என்ன பயம் இருக்கிறது, நிறுத்துங்கள் என்றார் லின்னெட். கோர்டன் மணியைக் கையில் எடுத்தார்.

புல்வெளிப் புகை ஜன்னல் வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்ததை அதுவரை யாரும் யோசிக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு மார்லா வெளியே வந்தாள். ஒரு கையில் சக்கரம் வைத்த ஆக்சிஜன் உருளை, இன்னொரு கை கதவு நிலையைப் பிடித்திருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. கூட்டம் கைதட்ட ஆரம்பித்தது. அன்றைக்கு எதற்கும் வராத கைதட்டல் அவளுக்கு வந்தது.

லின்னெட்டும் தட்டினார். தட்டிக்கொண்டே பக்கத்தில் போய், "என்ன மேக்கப் இது. யாரு போட்டுவிட்டாங்க?" என்றார்.

மார்லா மூச்சைச் சேர்த்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஆறு வருஷமா போட்டுட்டு இருக்கேன், லின்னெட். கழட்டத் தெரியல."

லின்னெட் கைதட்டுவதை நிறுத்தினார். நான் போய்ப் புகை மெஷினின் வயரைப் பிடுங்கினேன். அதற்கு அனுமதி உண்டா என்று நான் பார்க்கவில்லை. மார்லா வாசல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். அவள் அங்கே உட்கார்ந்திருக்கும் வரைக்கும் கூட்டம் நகரவில்லை. கூட்டம் நகராதவரைக்கும் கோர்டனால் மணியை அடிக்க முடியவில்லை. மேலே ஆணி இறங்கிக்கொண்டே இருந்தது. எட்டு மணி அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது லோனி கடைசித் தகட்டை அடித்தார். நிறம் மழைமேகச் சாம்பல்.

கெஸ்லர் வீட்டுக்கு இரண்டாம் பரிசுதான் கிடைத்தது. நிகழ்ச்சி முடிவில் இடிந்த தோற்றம் பராமரிக்கப்படவில்லை என்று மதிப்பெண்ணில் கழித்துவிட்டார்கள்.

அன்று ராத்திரியே மார்லாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான்கு நாள் இருந்தாள். திரும்பி வந்தபோது மெஷினில் நிமிஷத்துக்கு இரண்டு லிட்டர் ஆக்சிஜன் என்று இருந்தது நான்கு லிட்டர் ஆகியிருந்தது. ஆனால் டாக்டர் அனுப்பிய ஆள் சுவரைச் சோதித்து, டுவைட் கறை பிடித்த சீலிங்கை மாற்றி, ஹீட்டர் போட்டுக் காய வைத்த பிறகு, இங்கேயே இருக்கலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தக் காலிக் கட்டிலை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்.

நவம்பர் ஆறாம் தேதி நோட்டீஸ் வந்தது. சேதம் எதுவும் இல்லாத வீட்டின் மேல், விழாவுக்காகச் சேர்த்த புதிய கூரைப் பகுதி ஒன்று விழாக்காலம் முடிந்த பிறகும் அனுமதியின்றி இருக்கிறது. முப்பது நாளில் அதை அகற்றி, சங்கப் பதிவிலுள்ள புகைப்படத்தில் இருக்கும் நிலைக்கு வீட்டைக் கொண்டுவர வேண்டும்.

டுவைட் மறுபடியும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு வந்தார். இந்தத் தடவை பின்வரிசையில் உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தார்.

"ஓட்டைய மறுபடி போடணுங்கறீங்க," என்றார்.

"ஓட்டைன்னு நாங்க சொல்லல," என்றார் லின்னெட். "பதிவுல இருக்கற நிலைமன்னு சொல்றோம்."

அந்த நிலைமை நவம்பர் இரண்டாம் தேதிக்குப் பிறகு விதிமீறல் ஆயிற்றே என்று யாரோ கேட்டார்கள். அதை உருவாக்கிய பிறகு அதற்குத் தனியாக நோட்டீஸ் வரும், ஒவ்வொன்றாகப் பார்ப்போம் என்றார் லின்னெட்.

டுவைட்டுக்கு வாதாட வராது. நாற்பது வருஷமாக நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தி, கதவைத் திறக்கச் சொன்ன இடத்தில் திறந்து பழகியவர்.

"சரி, போட்டுடறேன். எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம்னு எழுதிக் குடுத்துருங்க. நான் பாட்டுக்கு ஒரு அளவுல போட்டா அதுக்கும் நோட்டீஸ் வரும்."

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். கோர்டன் கோப்பைப் புரட்டினார். மூச்சு சத்தத்துக்கு மதிப்பெண் இருந்தது, கறைக்கு இருந்தது, கிளைக்கு இருந்தது. ஓட்டையைச் சங்கத்தில் யாரும் அளக்கவில்லை. அளந்த லோனி குடியிருப்பைச் சேர்ந்தவர் அல்ல, அவர் சொல்லும் அளவு செல்லாது. புகைப்படம் புல்வெளியிலிருந்து சாய்வாக எடுத்தது. அளவு தெரியாமல் உத்தரவு போட்டால் உத்தரவு செல்லாது. ஆகவே ஓட்டையின் அசல் பரிமாணங்களைக் கண்டறிய மூன்று பேர் கொண்ட துணைக்குழு அமைக்கப்பட்டது. அது அறிக்கை கொடுக்கும் வரைக்கும் கூரையை யாரும் தொடக் கூடாது என்று தீர்மானம்.

இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. துணைக்குழு மாதம் ஒரு தடவை கெஸ்லர் வீட்டுக்குப் போகிறது. கோர்டன், அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஒருவர், குறிப்பெழுத நான். மார்லா இப்போது மாடியில் பழைய அறையில்தான் படுத்திருக்கிறாள். புதுச் சீலிங்கில் ஒரு தடயமும் இல்லை. டுவைட் அந்த நேரத்தில் பேருந்தில் இருப்பார். ஆகவே கோர்டன் அவளைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அவளும் ஒவ்வொரு தடவையும் கையை நீட்டிக் காட்டுகிறாள். டிசம்பரில் ஜன்னலுக்கு மேலே நான்கு அடி. ஜனவரியில் விளக்குக்குப் பக்கத்தில் ஏழு அடி. பனிக்காலம் முழுக்க ஒரு கணக்கும் இன்னொன்றோடு ஒத்துவரவில்லை. ஒவ்வொரு தடவையும் மறு அளவைக்கு ஒத்திவைக்கப்பட்டது.

போன வாரம் போனபோது அவளுக்கு அன்றைக்கு நல்ல நாள் இல்லை. மெஷின் ஐந்தில் ஓடிக்கொண்டிருந்தது. தலையணையில் சாய்ந்தபடி வலது ஓரத்து மூலையைக் காட்டினாள். கோர்டன் பழைய தாள்களை எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். கோபம் இல்லை, குழப்பம்தான்.

"மார்லா, போன மாசம் இங்க காட்டினீங்க. அதுக்கு முந்தின மாசம் அங்க. இப்ப மூலையிலங்கறீங்க."

"ஆமா. நகருது."

கோர்டன் நாடாவைச் சுருட்டுவதை நிறுத்தினார். அண்ணாந்து வெள்ளைச் சீலிங்கை வெகு நேரம் பார்த்தார். எந்தப் பக்கமாக நகருகிறது என்று கேட்டார். கேட்கும்போது பேனா தாளின் மேல் தயாராக இருந்தது.

மார்லா இரண்டு மூச்சு இழுத்துக்கொண்டாள்.

"வடக்கால. உங்க வீட்டப் பாத்துத்தான் வருது, கோர்டன்."